பக்கத்து சீட்டின் பிரேக்

நம்பாதவர்கள் என் மனைவியிடம் கேட்டுக்கொள்ளலாம். நான் சொல்லும் எதையும் நம்பாதவள், இதை மட்டும் நம்பினாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் காரோட்டும்போது பக்கத்து சீட்டில் இருந்தபடியே பிரேக் பிடிப்பாள். அங்கே பிரேக் கிடையாது. ஆனாலும் குதிகாலை ஊன்றி அழுத்துவாள். இருபது வருடமாக மெக்கானிக்காக இருப்பவனுக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மூன்றாவது முறையாக ஷெட்டுக்கு வந்தது. இரண்டே சீட். பழைய கார்தான், ஆனால் பளபளப்பு. சொந்தக்காரர் பல் டாக்டர். பிரேக் கீச்சிடுகிறது என்பதுதான் எப்போதும் புகார்.

"என் கிளினிக்ல கூட இப்படி யாரும் கத்தறதில்லப்பா," என்றார். "சனிக்கிழமை பொண்ணு கையில சாவியக் குடுக்கணும். பிரேக்க நம்பித்தான் குடுக்கறேன்."

"இந்தத் தடவை சத்தம் வந்தா என் பல்லப் புடுங்கிடுங்க சார்."

வீரமாகத்தான் சொன்னேன்.

புது பிரேக் பேட் போட்டேன். டிஸ்க்கைக் கடைந்து சமமாக்கினேன். பேடுக்குப் பின்னால் மெல்லிய தகடு வைத்தேன், பேடை அழுத்தும் காலிபரின் பின்களுக்கு கிரீஸ் தடவினேன். இனி கத்த அதற்கு வாயே இல்லை.

புது பேடைப் பழக்க வேண்டும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போய், பத்துக்குக் குறைத்து, மறுபடி அறுபது. இப்படிப் பத்து முறை. நடுவில் வண்டி நிற்கவே கூடாது. நின்றால் சூட்டில் பேட் டிஸ்க்கில் ஒட்டித் தடம் விழும். கிடங்குகளுக்குப் பின்னால் ஆளில்லாத நேர்சாலை ஒன்று இருக்கிறது. முடிவில் ஒரு வளைவு. அங்கே போனேன். மாலை 5.40.

நான்கு முறை. சத்தமே இல்லை. எனக்கு நானே தட்டிக்கொடுத்தேன்.

ஐந்தாவது முறை வேகம் ஏறும்போது, டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லும் மணி. காலி சீட். சென்சார் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். எல்லா மெக்கானிக்கும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு கையால் அந்த பெல்ட்டை இழுத்துக் கொக்கியில் மாட்டினேன். மணி நின்றது.

வேகம் 62.

கீ...ச்.

வண்டி குறைந்தது. 50... 40...

என் கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது.

காலிபர் இறுகிப் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். பிடித்திருந்தால் தீய்ந்த வாசனை வர வேண்டும். வரவில்லை. மறுபடி வேகம் ஏற்றினேன். 5.52.

அப்போதுதான் அந்த பெல்ட்டைப் பார்த்தேன்.

காலி சீட்டில் பெல்ட் சாய்மானத்தோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். இது ஒரு சாண் முன்னால் நின்றது. எதையோ சுற்றிக்கொண்டு.

மெதுவாக ஏறி... இறங்கியது.

மூச்சு விடுவதுபோல.

கீழே பார்த்தேன். அந்த சீட்டின் ரப்பர் மிதியடியில் குதிகால் அளவுக்கு ஒரு பள்ளம்.

ஆழமாகிக்கொண்டே போனது.

வளைவு நெருங்கியது.

கீ...ச்...

நின்றுவிட்டது. வளைவுக்குப் பத்தடி முன்னால். 5.58.

சாலையில் எதுவும் இல்லை.

பள்ளம்... மெல்ல நிமிர்ந்தது.

ஷெட்டுக்கு எப்படித் திரும்பினேன் என்று கேட்காதீர்கள். இருபதைத் தாண்டவில்லை. ஒரு சைக்கிள்காரர் என்னை முந்திப் போனார்.

காலையில் மிதியடியைத் தூக்கினேன். தரைத் தகடு உள்ளே அமுங்கியிருந்தது. குதிகால் வடிவத்தில்.

பானெட்டுக்குள் பழைய சர்வீஸ் ஸ்டிக்கர் இருந்தது. அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டேன். 9.20. எடுத்தவர் என்னைப் போலவே ஒரு மெக்கானிக்.

"அந்தச் சிவப்பு வண்டியா? இன்னும் ஓடுதா அது?"

"என்னண்ணே ஆச்சு அதுக்கு?"

"புருஷன் பொண்டாட்டி. கிடங்குப் பக்கம் ஒரு வளைவு இருக்குல்ல, அங்க. மெதுவாப் போங்கன்னு அந்தம்மா கத்திக்கிட்டே இருந்திச்சாம். அவன் கேக்கல. ரோட்டுல பிரேக் போட்ட தடமே இல்ல தம்பி. அவன் பொழச்சுட்டான். அந்தம்மா போயிடுச்சு. கால ஊனி அழுத்தின அழுத்துல கீழ தகடே குழிஞ்சு போச்சு."

"ஆமாண்ணே. பாத்தேன். இன்னும் இருக்கு."



"எப்படி இருக்கும்? அந்தத் தகட்ட வெட்டிக் கடாசிட்டு, நாந்தான் புதுசு வெல்ட் வெச்சேன். தட்டு மாதிரி சமமா."

பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார், எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

"சத்தம் நிக்குமா, நிக்காதா? அதச் சொல்லு."

"நிக்கும் சார். பாப்பாவ மெதுவா ஓட்டச் சொல்லுங்க."

ஆறு மாதம் கழித்துப் போன வாரம் டாக்டர் போன் செய்தார். ஒரே ஒரு முறை கீச்சிட்டதாம். அன்றைக்கு மகள் எழுபதில் போயிருக்கிறாள். வண்டி தானாக நின்றிருக்கிறது. அடுத்த நொடி, குறுக்குச் சந்திலிருந்து ஒரு லாரி.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"பக்கத்து சீட்டுக்கு ஒரு மிதியடி மட்டும் வாங்கி வைப்பா," என்றார். "குதிகால் வைக்கிற எடத்துல ஓட்ட விழுந்துடுச்சு."

"பாப்பாகூட யாரு சார் வர்றாங்க?"

"யாரும் ஏறல. இது வரைக்கும் அவ தனியாத்தான் போயிருக்கா."

நேற்று மனைவியோடு கடைக்குப் போனேன். வழியில் அவள் குதிகாலை ஊன்றி அழுத்தினாள்.

நான் பிரேக் பிடித்தேன்.