இரண்டு கால் குறைந்த நண்டு

எங்கள் வீட்டில் நண்டு என்றால் முதலில் காலைத்தான் எண்ணுவார்கள். கொடுக்கு இரண்டு, கால் எட்டு. ஒன்று குறைந்தாலும் அந்த நண்டு வில்லியனூர் மார்க்கெட்டுக்குப் போகாது, எங்கள் குழம்புக்கு வந்துவிடும். அதனால் சிறுவயதில் எட்டுக் காலோடு ஒரு நண்டைச் சாப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. வலையிலிருந்து நண்டைக் கழற்றும்போது சித்தப்பா கொஞ்சம் முரட்டுத்தனமாக இழுக்க மாட்டாரா என்று நானும் தம்பியும் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் எங்கள் குப்பத்துக்கு அப்புறம் கடல்தான். எனக்கோ அதில் ஒருமுறை போய்விட்டு வர வேண்டும். என்னைவிடச் சின்னவன் தம்பி, அவன்கூட சித்தப்பாவின் போட்டில் ஏறிவிட்டான். நான் கேட்டால், "பொட்டப் புள்ள ஏறுனா வலையில ஒண்ணும் வுழாதுடி" என்பார்.

ஒரு நாள் வலையில் சிப்பிக் கொத்து ஒன்று மாட்டிக்கொண்டு வந்தது. அதன் இடுக்கில் ஒரு நண்டு. ரூபாய் நாணயம் அளவு, தட்டையாக, பீங்கான் தட்டிலிருந்து உடைந்த சில்லு மாதிரி பளபளப்பு. உடம்புக்குப் பொருந்தாத பெரிய கொடுக்கு. வீட்டுப் பழக்கப்படி எண்ணினேன். ஆறு கால்தான் இருந்தது.

"சித்தப்பா, ரெண்டு கால காணோம்."

"வுழுந்திருக்கும். அது தோலு உரிச்சிக்கினா தானா மொளைக்கும். குப்ப நண்டுடி அது, தூக்கிப் போடு."

"மொளைச்சா என்னை போட்டுல ஏத்துவியா?"

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். என்னை அங்கிருந்து கிளப்பினால் போதும் என்று சித்தப்பாவும், "ரெண்டும் மொளைக்கட்டும், இட்டுக்கினு போறன். எழுந்து போ" என்றார். மார்க்கெட்டுக்கான மீன் கூடையில் ஐஸ் போட்டுக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து அந்த நண்டு, சிப்பிக் கொத்தோடு, எங்கள் வீட்டு பேசினில் மகாராணி. கடல் தண்ணீரில் தூசி தும்பு இருந்தால் கால் எப்படி முளைக்கும்? அம்மாவின் பழைய புடவைத் துணியை மடித்து, தண்ணீரைப் பலமுறை வடிகட்டி, கண்ணாடி போலத் தெளிந்த பிறகே ஊற்றுவேன். இறால் துண்டு போட்டேன், அது சீந்தவில்லை. ஆனால் வாயருகே இரண்டு குட்டி விசிறிகளை விரித்து, மாற்றி மாற்றி என்னை நோக்கி வீசிக்கொண்டே இருக்கும்.

"டாட்டா காட்டுது பார்டா!" என்று தம்பியிடம் பீற்றிக்கொண்டேன்.

"உன் மூஞ்சியப் பாத்து, போ போன்னு தொரத்துது" என்றான் அவன்.

போகப் போக அது வீசுவதும் குறைந்தது. சிப்பியின் அடியில் அப்படியே கிடந்தது. இன்னும் சுத்தம் போதவில்லை என்று நான் துணியை இரட்டையாக மடித்தேன். என் வேலையை ஒரு நாள் தம்பியிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனால், அந்தச் சோம்பேறி முகத்துவாரத்துக் கலங்கல் தண்ணீரை வடிகட்டாமலே கொண்டுவந்து ஊற்றியிருக்கிறான். அவன் முடியைப் பிடித்து நான் ஆட்டிய ஆட்டில் அம்மாதான் வந்து விலக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால் நண்டு சிப்பிமேல் ஏறி நின்று வீசு வீசு என்று வீசிக்கொண்டிருந்தது. அது மட்டுமா! பின்பக்கத்திலிருந்து நூல் மாதிரி இரண்டு சின்னக் கால்களை வெளியே நீட்டி, தன் முதுகைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தது.

"மொளைச்சிடுச்சி!"

சித்தப்பா பல்குச்சியோடு வந்து எட்டிப் பார்த்தார். "இதுவா காலு? மீசைடி இது."

"எங்கனா பின்னால மீசை மொளைக்குமா?"

"அப்போ வாலு."

"அம்மா, நீயே சொல்லு. காலுதான?"

அம்மா கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். பேசின் பக்கம் குனியக்கூட இல்லை.

"காலுதான்" என்றாள். "வாய வுட்டல்ல? புள்ளய இட்டுக்கினு போ."

"ஊர்ல சிரிப்பானுங்க அண்ணி."

"வலை இல்லாம போ. அப்புறம் இன்னா வுழாம பூடும்?"

குனியாமலே அம்மா நண்டின் காலைக் கண்டுபிடித்துவிட்டாளே என்று எனக்கு ஒரே பெருமை.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வலை இல்லாத போட்டில், பேசினை மடியில் இறுக்கிக்கொண்டு அலையைத் தாண்டினேன். போகும்போதெல்லாம் பேசினையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும் வழியில், முகத்துவாரத்துக் கல் பக்கம் சித்தப்பா போட்டை மெதுவாக்கினார். நண்டைச் சிப்பியோடு இறக்கிவிட்டேன். கலங்கலுக்குள் மறையும்வரை எனக்கு டாட்டா காட்டிக்கொண்டே போனது.

இப்போது கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். அதற்குப் பீங்கான் நண்டு என்றே பெயர் என்று தெரிந்த அன்று வகுப்பில் கத்தியே விட்டேன். உண்மையில் அது அசல் நண்டே இல்லை! சங்குக்குள் குடியிருக்கிறதே துறவி நண்டு, அந்தக் கூட்டத்தோடுதான் அதற்குச் சொந்தம். நண்டு உருவம் தனி வழியில் வந்து சேர்ந்தது. கல்லடியில் வாழ்வது, பூ மாதிரி இருக்கும் கடல் சாமந்தி என்ற உயிரின் மேல் வாழ்வது, புள்ளி போட்டது, உடம்பெல்லாம் மயிர் உள்ளது என்று எத்தனை வகை! கடைசி ஜோடிக் கால் எல்லாவற்றுக்கும் பிறவியிலேயே சிறியது, பின்னால் மடிந்திருக்கும். எதுவும் முளைக்கவில்லை. விசிறி வீசியதும் எனக்காக இல்லை. தண்ணீரில் மிதக்கும் தூசி தும்புதான் அதன் சோறு, அதைத்தான் அள்ளிக்கொண்டிருந்தது. நான் துணியில் வடிகட்டி வாசலில் உதறியது அத்தனையும் அதன் சாப்பாடு.

இதெல்லாம் புத்தகத்தில் இருந்தது, படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போட் கரை ஏறியபோது, பஸ்ஸுக்குப் போகாமல் கூடையோடு அம்மா மணலிலேயே நின்றிருந்தாள். என் ஈரப் பாவாடையைப் பிழிந்துவிட்டபடி மெதுவாகக் கேட்டாள்:

"கடல்லேர்ந்து பாத்தா நம்ம ஊரு எப்பிடிடி இருந்துச்சி?"

நான் நண்டு டாட்டா காட்டிய கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா பிழிவதை நிறுத்திவிட்டு, நான் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். முடித்ததும் தம்பியைத் தேடி ஓடிவிட்டேன். கடலோரத்திலேயே பிறந்து, தினமும் மீன் விற்கிறவள். ஊர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன!