வளையல்கடை செல்வி அக்காவுக்கு, மார்க்கையன்கோட்டையிலிருந்து

செல்வி அக்கா இறந்துட்டாக.

காலைல அம்மா வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ வந்துச்சு. சிரிச்சுக்கிட்டு இருக்காக... கீழ எழுதியிருந்ததப் படிச்ச பெறகுதான் புரிஞ்சுச்சு. ஹார்ட் அட்டாக்காம்.

எங்க அம்மா ஊரு ஆண்டிபட்டியில பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃபேன்சி ஸ்டோர் வச்சிருந்தாக. சித்திரைத் திருவிழாவுக்கு வருசாவருசம் எங்க ஊருக்கு வந்து வளையல்கடை போடுவாக. நான் வாக்கப்பட்டு வந்த இந்த ஊர்ல, எனக்கு முன்னமே தெரிஞ்ச ஒரே முகம் அவுகதான்.

என் மக யாழினிக்கு மொத வளையல் போட்டது அவுக. பிள்ளை கைய விரிக்கவே மாட்டேங்குது... "ஆத்தா, உள்ளங்கையில என்னடி ஒளிச்சு வச்சிருக்க? எனக்கும் காட்டு"ன்னாக. விரிச்சா. வளையல் ஏறிருச்சு!

போன வருசத் திருவிழாவுல நடந்தத நான் இங்க ஃபேஸ்புக்ல எழுதவே இல்ல.

மத்தியானம். யாழினி ஜம்பிங் பலூன்ல குதிச்சுக்கிட்டு இருந்தா. திடீர்னு கரண்ட் போச்சு. பலூன் அமுங்க ஆரம்பிக்கவும் மத்த பிள்ளைகள்லாம் சறுக்கி வெளிய வந்துருச்சுக. இவ மட்டும் கடைசி மூலையில.

நான் உள்ள புகுந்துட்டேன். பிள்ளையத் தூக்குறதுக்குள்ள மேல இருந்த ரப்பர் மொத்தமா எங்க மேல விழுந்துருச்சு. ஒரே இருட்டு... சூடு... எந்தப் பக்கம் வாசல்னு தெரியல. அழுதுக்கிட்டு இருந்த பிள்ளை சத்தத்தை நிறுத்திட்டா. அதுலதான் எனக்கு உயிரே போச்சு.

"கத்தாத தாயி! பிள்ளைய மடியில போட்டுக் குனிஞ்சு இரு. அக்கா வர்றேன்"னு வெளிய இருந்து செல்வி அக்கா குரல்.

வளையல் மாட்டி வச்சிருக்குற கம்ப உருவிக்கிட்டு ஓடி வந்திருக்காக. அதக் கொண்டு ரப்பர முட்டுக்குடுத்துத் தூக்கி, தவழ்ந்து உள்ள வந்தாக. "என் காலப் பிடிச்சுக்கிட்டே வா."

பிடிச்சுக்கிட்டே வந்தோம்.

நான் உடனே வீட்டுக்குப் போகணும்னு நின்னேன். விடல. "இப்பக் கூட்டிட்டுப் போனா பிள்ளைக்குத் திருவிழான்னாலே இதுதான் ஞாபகம் வரும். செத்த இரு"ன்னாக. தண்ணி குடுத்து, கடைக்குள்ள உக்கார வச்சு, முழங்கை வரைக்கும் கலர் கலரா வளையல் மாட்டிவிட்டாக. கொஞ்ச நேரத்துல யாழினி பஞ்சுமிட்டாய் கேட்டா... நானும் சேர்ந்து தின்னேன்.

இந்த வருசம் அவுக எடம் காலியாவே கெடந்துச்சு. போன் போட்டேன். "லேசா மூச்சு வாங்குது, தேருக்கு வந்துருவேன்"ன்னாக.

அக்கா மொகத்தக் கடைசியாப் பாக்க நான் போக முடியாது. பிள்ளைக்கு வீசிங் நின்னா பால்குடம் எடுக்குறேன்னு நேர்ந்து, செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டியிருக்கேன். ஊர் எல்லை தாண்டக்கூடாது. துட்டி, சாவு வீட்டுப் பக்கமே போகக்கூடாது.

"அத்தை, தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துர்றேன்"னு மாமியார்கிட்டக் கேட்டேன். "பிள்ளைக்காக நேர்ந்தது. அப்பறம் உன் இஷ்டம்"னாக.



குளிச்சு மஞ்சச் சேலை மாத்திட்டேன். மைக் செட் காதக் கிழிக்குது. அழவும் முடியல, பிள்ளை என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கா.

மூணு மணிக்கு எடுக்குறாகளாம். அந்நேரம் நான் இங்கன, பிள்ளைய ராட்டினத்துல ஏத்திவிட்டுட்டு, அவ ஒவ்வொரு சுத்து வரும்போதும் கையாட்டிக்கிட்டு நிப்பேன்.

மன்னிச்சிருங்கக்கா. நல்லபடியா போய்ச் சேருங்க.