முகம் விழாத ஐந்து படங்கள்

ஈரம் பட்ட கேமரா பையில் ஒரு வாடை வரும்... பாசியும் நல்லெண்ணெயும் சீயக்காயும் கலந்த குற்றால வாடை. சாரல் சீசன் முடிந்து ரெண்டு மாசம் ஆனாலும் போகாது.

பை என்னுடையதல்ல, இசக்கியுடையது. தென்காசியில் ஒரு ஸ்டுடியோவில் நாங்கள் ரெண்டு பேரும் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணிக்கொண்டிருந்த காலம். டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கிய கையோடு அவனுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. திருநெல்வேலியில் நடக்கப்போகும் போட்டோ கண்காட்சிக்குப் பஞ்சபூதம் என்று ஐந்து படம் அனுப்ப வேண்டும். ஐந்திலும் ஒரே ஆள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் வேற வேற டெக்னிக்.

மாடலுக்கு எங்கே போவது? கீழப்பாவூரில் வயல் பார்த்துக்கொண்டிருந்த அவன் அப்பா மாட்டினார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். போட்டோ என்றாலே ஓடுகிற ஆள். கல்யாண வீட்டில் எல்லாரும் மேடையில் நிற்கும்போது மாமா மட்டும் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பார். ஆனால் மகன் கேட்டதைத் தட்டவில்லை. சவரம் பண்ணி, பவுடர் அப்பி, வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார்.

"ஏலே, மொகம் நல்லா விழுமா?"

"மொகம் முக்கியம் இல்லப்பா... பூதம்தான் தெரியணும்."

"அப்பம் உங்கம்மையக் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா!"

நீருக்குப் பழைய குற்றாலம். லென்ஸ் முன்னால் கறுப்பு ஃபில்டர், ட்ரைபாட், ஸ்லோ ஷட்டர். ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடினால் அருவி பஞ்சு மாதிரி விழும். மாமாவை அடியில் நிறுத்தி, "அசையாதீங்கப்பா" என்று கத்தினான். அருவிக்கடியில் எவன் அசையாமல் நிற்பான்? தண்ணீர் அப்படி ஒரு அழகாக வந்தது. மாமா நின்ற இடத்தில் வெள்ளையாக ஒரு புகை...

காற்றுதான் எங்களைப் படுத்தி எடுத்தது. ஆலங்குளம் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே அவரை நிற்கவைத்து, வேக ஷட்டரில் தோள் துண்டு பறப்பதைப் பிடிக்கப் பார்த்தோம். துண்டு திரும்பி வந்து அவர் முகத்திலேயே அப்பிக்கொண்டது. "அதாம்லே ஷாட்!" என்று இசக்கி குதித்தான்.

நிலத்துக்கு, சின்னதையும் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ். வயல் சேற்றில் பாதி புதைந்த அவர் குதிகால், அதன் வெடிப்பு, அவ்வளவுதான். ஆகாயத்துக்குக் குளத்தங்கரையில் வைடு ஆங்கிள். முக்கால்வாசி மேகம், அடியில் எறும்பளவு மாமா. நெருப்புக்குக் கார்த்திகை வரை காத்திருந்தோம். கோயில் முன்னால் சொக்கப்பனை எரியும்போது தீயை முதுகுக்குப் பின்னால் விட்டு நிறுத்தினான். கறுப்பாக ஓர் உருவம் மட்டும் விழுந்தது.

முதல் பரிசே கிடைத்தது!

கண்காட்சிக்கு மாமாவும் அதே வெள்ளைச் சட்டையில் வந்தார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று தன்னைத் தேடினார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாவிடம், "இங்கன பாருங்க, குதிகாலு தெரியுதுலா... அது நாந்தான்" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த அறுப்புக்கு அவர் இல்லை. ஒரு நாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்குப் படம் கேட்டார்கள். போட்டோக்காரன் வீடு, படத்துக்கா குறைச்சல் என்று எல்லாரும் இசக்கியைப் பார்த்தார்கள். அவன் லேப்டாப்பைத் திறந்தான். புகை, துண்டு, குதிகால், எறும்பு, கறுப்பு... ஐந்திலும் அப்பா இருந்தார். ஒன்றில்கூட முகம் இல்லை.

இத்தனைக்கும் ஒவ்வொரு தடவையும் ஃபோகஸ் பார்க்க அவரை நேராக நிறுத்தி டெஸ்ட் ஷாட் எடுத்திருக்கிறான். பவுடர் முகம், வெட்கச் சிரிப்பு, எல்லாம் அதில் இருந்தது. மெமரி கார்டில் இடம் வேண்டுமே என்று அங்கேயே நின்று டெலீட் பண்ணிவிடுவான். மாமாவின் பழைய கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தால் கரையான் தின்றிருந்தது. எங்கள் போன்களோ அன்றைக்குப் பேச மட்டும்தான் லாயக்கு.

கடைசியில் ஆதார் அட்டைதான் கிடைத்தது. முறைத்த கண், ஒட்டிய கன்னம், யாரையோ பிடித்து வைத்த மாதிரி. அதையே பெரிதாக்கினார்கள், அதற்கே மாலை போட்டார்கள். இசக்கியின் அம்மா ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "இது யாருய்யா? அவுக படம் எங்க?" என்று கேட்டார்.

போன சீசனுக்கு இசக்கி குடும்பத்தோடு குற்றாலம் போயிருந்தேன். அவன் மகள் அருவி முன்னால் நின்று ஒரே நிமிஷத்தில் தன் முகத்தை எத்தனை படம் எடுத்தாள் என்று கணக்கே இல்லை. பஜ்ஜி தின்னும்போது போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே கேட்டாள், "எப்பா, தாத்தா சிரிச்சா எப்படி இருப்பாவ?"

"பல்லு வந்து..." என்று ஆரம்பித்த இசக்கி நிறுத்திவிட்டான். என்னைப் பார்த்தான். நான் சொல்லலாம் என்று யோசித்தேன்... எனக்கும் பிடிபடவில்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டு மங்குஸ்தான் பழம் வாங்கப் போய்விட்டாள்.

பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு அவன் மெதுவாகச் சொன்னான்.

"நெசமாச் சொல்லுதேம்லே... கண்ண மூடி அப்பாவ நெனச்சா, எனக்கும் அந்த ஆதார் மூஞ்சிதாம்லே வருது."