கண்ணாடி தடுத்த வெயில்

உங்களுக்கு நூறு சேலை பிரித்துக் காட்டிய பெண்ணின் கையில் கடைசியாக எப்போது உச்சிவெயில் பட்டது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா?

கெசியாவுக்கே அது நினைவில் இல்லை. தாம்பரம் கடைவீதியில் ஒரு துணிக்கடை. அதன் தரைக்குக் கீழே உள்ள தளத்தில், காட்டன் சேலைப் பிரிவில், ஒன்பது வருடமாக நிற்கிறாள். காலை ஒன்பதுக்கு இறங்கினால் இரவு ஒன்பதுக்கு ஏறுவாள். சாப்பாடும் கீழேதான். சேலையூரில் பஸ்ஸுக்கு நிற்கும் கொஞ்ச நேரமும் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொள்வாள். கறுத்துப்போனால் கடையில் பேச்சு வாங்க வேண்டும்.

டியூப்லைட்டுக்குப் பொழுது தெரியாது. அதனால் அவள் சேலைகளில் ஒரு பகலைச் செய்துகொண்டாள். எலுமிச்சை மஞ்சளை விரித்தால் காலை பத்து மணி. மாம்பழ நிறம் நடுப்பகல். செங்கல் சிவப்பு வந்துவிட்டால் மாடம்பாக்கம் ஏரிமேல் சூரியன் சாய்கிறது. ஒரே மணி நேரத்தில் மூன்று முறை அவளுக்குப் பொழுது விடிந்து சாயும்.

வலி முதலில் இடுப்பில் வந்தது. பிறகு முழங்காலுக்குக் கீழே. படியேற இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒருத்தி ஜெபித்த எண்ணெய் கொடுத்தாள், இன்னொருத்தி கண்ணேறு என்றாள். எண்ணெயில் தோல் பளபளத்தது. எலும்புக்கு எதுவும் கேட்கவில்லை.

அரசு மருத்துவமனையில் டாக்டர் வினிதா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெயில் கொளுத்துற ஊர்ல உங்க எலும்புக்கு வெயில் பஞ்சம்மா. கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை, முள்ளோட நெத்திலி, எல்லாம் சாப்பிடுங்க, கால்சியம் கிடைக்கும். கடலை, பயறுல மெக்னீசியம். ஆனா டி வைட்டமின் இல்லேன்னா அந்தக் கால்சியத்த குடல் சரியா எடுத்துக்காது. வாரம் ஒரு மாத்திரைன்னு எட்டு வாரம் போடுங்க. அப்புறம் தினம் கொஞ்சம் வெயில்ல நில்லுங்க."

மாத்திரையில் வலி இறங்கியது. வெயிலுக்கு மேலாளர் ராஜகோபாலனிடம் போனாள்.

"வெயில்தானேம்மா? வாசல் ஷோகேஸ்ல அரை மணி நேரம் நின்னுக்கோ. பொம்மைக்குப் புடவை கட்டின மாதிரியும் ஆச்சு."

நின்றாள். கண்ணாடி வழியே வெயில் கையில் விழுந்து சுட்டது. தெருவும் ஆட்டோவும் நீரில் மிதப்பதுபோல் ஓசையின்றிப் போயின. எலும்புகள் கேழ்வரகுக் கதிர்போலப் பால்பிடிப்பதாகக் கண்மூடி நினைத்துக்கொள்வாள். கடையின் மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் தாயாரம்மாள் தெருவிலிருந்து கண்ணாடியைத் தட்டுவாள்.

"இன்னாடி, பொம்மையோட பொம்மையா நின்னுகினு கீறே? வெல இன்னா போட்டாங்கோ உனுக்கு?"

ஐந்து மாதத்தில் வலி திரும்பி வந்தது. மறுபடி சோதித்தபோது ரத்தத்தில் பழைய பற்றாக்குறையே. "எங்க நின்னீங்க?" என்று கேட்ட டாக்டர், பதிலைக் கேட்டு நெற்றியில் கை வைத்தார். "சூடு கண்ணாடி வழியா வரும்மா. தோல்ல வைட்டமின் உண்டாக்குற கதிர் வராது. திறந்தவெளி வேணும்."

மதியச் சாப்பாட்டுக்கு மொட்டைமாடிக்குப் போகலாமா என்று கெசியா கேட்டாள். மேலாளர் கொதித்துவிட்டார்.

"உன்ன விட்டா எல்லாரும் கேப்பாங்க," என்றார் ராஜகோபாலன். "ஆடித் தள்ளுபடிக்குள்ள படியேறி இறங்க முடிஞ்சா இரு. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்குறோம்."

அவள் காலை முடக்கியது கடை. முடங்கிய காலுக்காக வெளியே அனுப்பப்போவதும் அதே கடை! இதற்கு விதி என்று பெயர் வைக்க எத்தனை பேர் தயாராக இருக்கிறார்கள்!

மறுநாள் பன்னிரண்டரை. கெசியா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினாள். தாயாரம்மாள் சாவியோடு முன்னால் போனாள். பின்னால் கூட வேலை பார்க்கும் சாராளும் ஜெனியும். படியின் நடுவில் ராஜகோபாலன் கை விரித்து நின்றார்.

"கீழ கஸ்டமர் நிக்கிறாங்க. நீங்க கறுத்துப்போய் வந்து நின்னா யாரும்மா சேலை வாங்குவா?"

"சார், நாம சேலை விக்கிறமா, என் தோலை விக்கிறமா?" என்றாள் கெசியா.

கீழே மாம்பழ நிறச் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டீச்சரம்மா நிமிர்ந்தார். "அவங்க வெயில்ல போய்ச் சாப்பிட்டு வரட்டும் சார். நான் இருக்கேன். அவங்க கையாலதான் வாங்குவேன்."

பக்கத்தில் நின்ற இன்னொருவரும் தலையாட்டினார். ராஜகோபாலனின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. "இருபது நிமிஷம். அதுக்கு மேல கூடாது."

தாயாரம்மாள் கதவைத் தள்ளினாள். வெள்ளை வெளிச்சம். கையொடிந்த பொம்மைகள் தொட்டியோரம் சாய்ந்து வெயில் காய்ந்தன. தூரத்தில் மின்சார ரயில் பளபளக்கும் பூச்சிபோல ஊர்ந்தது. கெசியா பழக்கத்தில் முகத்தைச் சுற்றியிருந்த துப்பட்டாவை அவிழ்த்தாள். அவள் விரித்துக்கொண்டிருந்த மஞ்சள்கள் எல்லாம் ஒன்றாகி அவள் மேல் விழுந்தன.

அந்த ஆடியில் அவள் கைப்பிடியை ஒரு கையால் பிடித்து ஏறினாள். வேலையில் இருக்கிறாள். அந்தக் கதவு இப்போது தினமும் திறக்கிறது.

மற்ற கடைகளின் கதவுகள்? அடுத்த முறை நடுப்பகலில் துணியெடுக்கப் போகும்போது, எதிரே நிற்பவளிடம் கேளுங்கள்: "சாப்பிட வெளிய விடுவாங்களா?" இல்லை என்றால், மேலாளர் காதில் விழும்படி சொல்லுங்கள்: "வெயில்ல போய்ச் சாப்பிட்டு வாங்க, நான் இருக்கேன்." சொல்லிவிட்டு, அவள் திரும்பி வரும்வரை அங்கேயே இருங்கள்.