ஏழாம் எண்ணின் பதின்மூன்று வருடங்கள்

2024 ஜனவரி 17, புதன்கிழமை, காலை பத்து இருபது. ஜனக்புரியில் மூடுபனி. எதிர்க் கட்டிடத்தின் நான்கு மாடிகளில் கீழ் இரண்டு மட்டுமே தெரிந்தன. மருமகள் பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, ஏழாம் நம்பர் மாமியோட பேட்டியில எதையாவது மாத்தினேளா?"

"ரெக்கார்டிங் சரியில்லையேம்மா. ஒரே இரைச்சல்," என்றேன்.

அது பொய். இருந்த பதினொரு ஒலிப்பதிவுகளில் மிகத் தெளிவானது அதுதான்.

மருமகள் டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நாற்பத்தொரு வயதில் உளவியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். மத்திய அரசு ஊழியர்களுக்கு வாழ்க்கைப்பட்டுத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, சரோஜினி நகர், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ்களில் குடியேறிய பெண்கள் தனிமையை எப்படி உணர்ந்தார்கள் என்பது அவள் தலைப்பு. பதினொரு பேரைச் சந்தித்துப் பேசி, பெயருக்குப் பதில் எண் கொடுத்துப் பதிவு செய்திருந்தாள். மொத்தம் பதினேழு மணி பத்து நிமிடம். இதற்குப் பண்புசார் ஆய்வு என்று பெயர். எண்கள் கிடையாது, பேச்சுதான் தரவு.

நான் முப்பத்துநான்கு வருடம் அரசாங்கப் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்த்தவன். சாப்பாட்டு மேஜையில் முதல் நாளே ஆரம்பித்துவிட்டேன்.

"பதினோரு பேரை வெச்சுண்டு என்ன சயின்ஸ்? நாங்க பதினோராயிரம் பேர் இல்லாம பேனாவையே திறக்க மாட்டோம்."

"எத்தனை பேருக்குத் தனிமைன்னு நான் கேக்கலைப்பா. தனிமைன்னா அவாளுக்கு என்னன்னு கேக்கறேன்."

"அதுக்குக் கதைன்னு பேரு."

"அச்சா, அப்போ அந்தக் கதையை எழுதியாவது தாங்கோ," என்று சிரித்தாள்.

அவளுக்கு உதவி நிஜமாகவே தேவைப்பட்டது. அந்த மாமிகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஜில்லாத் தமிழ் பேசினார்கள். பதிவைக் கேட்டு அப்படியே எழுத ஆள் வேண்டும். ஒரு பக்கத்தில் விதிகளைத் தந்தாள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். பேச்சு நின்றால் எத்தனை விநாடி என்று குறிக்க வேண்டும். எதையும் திருத்தக் கூடாது. நான் படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

அலுவலகத்தில் என் வேலை ஸ்க்ரூட்டினி. களத்திலிருந்து நிரப்பி வரும் படிவங்களில் முன்னுக்குப் பின் முரண் இருக்கிறதா என்று பார்ப்பது. அப்பாவுக்கு முப்பது வயது, மகனுக்கு இருபத்திரண்டு என்று இருந்தால் சிவப்புப் பென்சில். முரணை விட்டுவிட்டால் பழி எழுதிவந்தவன் மேல் இல்லை, பார்த்தவன் மேல். அந்தக் கை எனக்கு ஓய்வு பெறவில்லை.

ஏழாம் எண் திருநெல்வேலிப் பக்கத்து மாமி. 1971இல் கல்யாணமாகி சரோஜினி நகருக்கு வந்ததாக ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். பேட்டி நடந்தது 2022இல். ஆக ஐம்பத்தொரு வருடம். ஆனால் ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில், "டெல்லியில நான் இருந்தது முப்பத்தெட்டு வருசந்தான்," என்கிறார். வயதானவர், கணக்குத் தவறுகிறார் என்று நினைத்து ஐம்பத்தொன்று என்று எழுதினேன். அதன் பிறகு வரும் கேள்வியும் பதிலும் இந்தத் திருத்தத்தோடு பொருந்தவில்லை. நான்கு நிமிடம். பேச்சுவாக்கில் வந்தது என்று அதையும் விட்டுவிட்டேன். இதேபோல் இன்னும் மூன்று பேர் வருடங்களைக் குறைத்துச் சொன்னார்கள். மூன்றையும் நேர் செய்தேன். மௌனங்களை எங்குமே குறிக்கவில்லை. அவற்றில் எழுத என்ன இருக்கிறது?

அவளுடைய நெறியாளர் ஒரு வழக்கம் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், அதோடு சம்பந்தமில்லாத ஒரு தமிழ் மாணவி, குலுக்கல் முறையில் எடுத்த பகுதிகளைக் கேட்டு எழுத்தோடு ஒப்பிட வேண்டும். என் தொழிலின் முறை அது. கதை என்று நான் சொன்ன இடத்தில் அது நடந்துகொண்டிருந்தது. குலுக்கலில் ஏழாம் எண் விழுந்தது. பதினேழாம் தேதி காலை வந்த தொலைபேசி அதனால்தான்.

அன்று மாலை மருமகள் தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் லேப்டாப்பை மேஜையில் வைத்துப் பதிவை ஓடவிட்டாள். அவள் குரல் கேட்டது: "அப்போ மீதி வருஷம், மாமி?" பிறகு சத்தமே இல்லை. கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. நாற்பத்துமூன்று விநாடி.

"மீதி வருசம் குவாட்ரஸ்ல இருந்தேன். அவுக ஆபீஸ் போவாக, கடைக்கும் அவுகளே போவாக. எனக்கு இந்தியும் தெரியாது, பஸ் நம்பரும் தெரியாது. பதிமூணு வருசம் கழிச்சு ஒருநா தனியா பஸ் ஏறிப் போயிட்டு வந்தேன். அதுலேர்ந்துதான் எனக்கு டெல்லி."

மருமகள் நிறுத்தினாள்.

"இது எனக்கு ஞாபகம் இருந்ததுப்பா. உங்க எழுத்துல இல்லை. ஒன்றரை வருஷமா என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். திரும்பக் கேட்டிருக்கணும். நீங்க எழுதினதாச்சேன்னு கேக்கலை."

லேப்டாப்பை மூடினாள்.

"வேற பேட்டியில?"

"இல்லை," என்றேன். இரண்டாவது பொய்.

ஆய்வேட்டுக்குக் கடைசி நாள் ஜனவரி 31. பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் நேர்காணல். சமர்ப்பித்த ரசீது இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஆய்வுக் குழுவில் ஒருவர் என்னைப் போல எண்களில் நம்பிக்கை உள்ளவர். இந்த முறையில் வேண்டியதை எழுதிக்கொள்ளலாம் என்று ஏற்கெனவே சொல்லிவந்தவராம். தரவைத் திரித்ததாக ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்டிருந்தார். "எழுத்துக்கு நானே பொறுப்பு" என்று மருமகள் பதில் எழுதினாள். என் பெயர் அதில் இல்லை. அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று நாள் சும்மா இருந்தேன்.

சனிக்கிழமை காலை மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதுவோ கேட்கப்போய் இதைக் கேட்டேன்.

"நீ டெல்லிக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"உங்க கணக்கா, என் கணக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுன்னா எதுக்குக் கேக்கறேள்?" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பின்னால் போய்க் கேட்க எனக்குத் துணிவில்லை. அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தேன். திருத்தம் செய்தால் எந்த இடம், முன்பு என்ன, பின்பு என்ன என்று தனியே பதிந்து சுருக்கொப்பம் இடுவது அலுவலக நடைமுறை. வீட்டிலும் அதை விடவில்லை. பதினொரு பேட்டிகளில் அறுபத்துநான்கு திருத்தங்கள், நிமிடக் கணக்கோடு. மருமகள் முன்னால் வைத்தேன்.

நின்றபடியே முழுவதையும் புரட்டினாள். "இவ்ளோ நீட்டா பண்ணிருக்கேளேப்பா," என்றாள். திட்டியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை அவளோடு துறைக்குப் போனேன். நெறியாளர் ஐம்பது வயது அம்மாள், இந்திக்காரர். ஏன் திருத்தினீர்கள் என்று கேட்டார். தவறு என்று நினைத்தேன் என்றேன். யாருடைய தவறு என்றார். நோட்டை மேஜையில் அவர்கள் பக்கம் தள்ளினேன். எண்களை நம்புகிற அந்த உறுப்பினர் நோட்டை ஆர்வமாகப் பார்த்தார். இவ்வளவு ஒழுங்காகத் தரவைக் கெடுத்தவரைப் பார்த்ததில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் தொழில் ஜாதிக்காரரிடமிருந்தே அதைக் கேட்டேன். மூலப் பதிவுகள் இருக்கின்றன, திருத்தியது யார் என்றும் தெரிந்துவிட்டது, ஆகவே திரித்த குற்றம் மருமகள் மேல் இல்லை என்று முடிவாயிற்று. ஆனால் பதினொன்றையும் வேறு ஆட்கள் முதலிலிருந்து எழுத வேண்டும். ஆறு மாத நீட்டிப்பு.

நேர்காணல் நாள் அவள் இல்லாமல் நடந்து முடிந்தது. அந்த இடம் ஆய்வேட்டை முடித்திருந்த வேறொருவருக்குப் போயிற்று. ஜூலையில் அவள் சமர்ப்பித்தாள். அந்த நான்கு மாமிகள் டெல்லியில் எண்ணாமல் விட்ட வருடங்கள்தான் இப்போது நடு அத்தியாயம். அந்த அத்தியாயத்தை எனக்குப் படிக்கத் தந்தாள், பென்சில் இல்லாமல் படிக்கும்படி சொல்லி.

செலவை நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள், இரண்டு முறை. மூன்றாம் முறை, "தாங்கோ, உங்களுக்கும் தூக்கம் வரணுமே," என்று வாங்கிக்கொண்டாள். பதினேழு மணி பத்து நிமிடத்தை, மணிக்கு ஆயிரத்து இருநூறு வீதம் மறுபடி எழுதியதற்கு இருபதாயிரத்து அறுநூறு. நீட்டிப்புக் கட்டணம் ஏழாயிரத்து ஐந்நூறு. அந்த நால்வரிடம் மறுபடி போய்ப் படித்துக்காட்டி வந்த ஆட்டோவுக்கு ஆயிரத்து முந்நூற்று அறுபது. கைவிட்டுப்போன வேலையை எந்த வரியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, எழுதவில்லை. கொடுத்தது இருபத்தொன்பதாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.