நோன்பு திறந்த ரொக்கெட்

எனக்குக் கை நடுக்கம் இன்னும் முழுதாக நிற்கவில்லை. சென்ற சனிக்கிழமை விடிகாலையில் என் கணவர் கண்டக்குழிக் கரையிலிருந்து படகை இறக்கியது எங்கள் மகளின் பேச்சைக் கேட்டு. அவளுக்குப் பதினைந்து வயது. தொலைபேசியில் புரோகிராம் எழுதப் பழகுகிறாள். யாரோ எழுதி வைத்த மாதிரி ஒன்றை எடுத்து, அங்கே ஓர் எண்ணையும் இங்கே ஒரு சொல்லையும் மாற்றி, என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய பழக்கம். வெளியே போகக் குடை வேண்டுமா என்று சொல்லும் ஒரு மாதிரியை இப்படியே மாற்றி, கடலுக்குப் போகலாமா என்று சொல்ல வைத்திருந்தாள். திரை பச்சையாகியது. வழக்கமாக இரண்டு பேருக்காவது அழைத்துக் காற்றைப் பற்றி விசாரிக்கிறவர், அன்று யாரையும் கேட்காமல் போய்விட்டார்.

அவர் திரும்பும் வரை மணலிலேயே நின்றேன். பத்து மணிக்குப் படகு நிறையப் பாரைக் குட்டியோடு வந்து சேர்ந்தார். மகள் துள்ளிக் குதித்தாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"உம்மாக்கு என்ன நடந்த?" என்று இருவரும் சிரித்தார்கள்.

அவளைத் திட்ட வாயெடுத்தபோதுதான், பதினொரு வயதில் நான் செய்த வேலை நினைவுக்கு வந்தது.

அப்போது நாங்கள் கற்பிட்டியில் இருந்தோம். வாப்பாவின் தம்பியான சாச்சா, சவூதியிலிருந்து விடுமுறையில் வந்தபோது ஒரு கம்பியூட்டர் கொண்டுவந்தார். தட்டச்சுப் பலகை போன்ற பெட்டி. டீவியோடு பொருத்தினால் திரை நீலமாகும். கூடவே மாதிரிப் புரோகிராம்கள் அடங்கிய ஒரு புத்தகம். மூன்று நாள் அதோடு போராடிவிட்டு, பெட்டியைப் பெருநாளுக்குப் புத்தளத்தில் இருக்கும் தன் மச்சானின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சாச்சா அறிவித்தார். அதற்குள் நான் அந்தப் புத்தகத்தை விட்டுப் பிரிய முடியாத நிலைக்கு வந்திருந்தேன்.

புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு ரொக்கெட் இருந்தது. பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கொண்டே வந்து, பூச்சியம் ஆனதும் 'பீப்' என்று கத்தும். அதைப் பார்த்துத் தட்டினேன். முதலில் பத்தை இருபதாக்கினேன். கீழ்ப்படிந்தது. ரொக்கெட்டின் பெயரைச் சாச்சாவின் பெயராக்கினேன். அதற்கும் கீழ்ப்படிந்தது. வீட்டில் என் பேச்சை முதன்முதலாகக் கேட்டது அந்தப் பெட்டிதான். நிறுத்தினால் எல்லாம் அழிந்துபோகும். எனவே கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்து, தினமும் புதிதாகத் தட்டினேன்.

நோன்பு தொடங்கியதும் எனக்கு யோசனை வந்தது. இருபது நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு செக்கன். பத்துக்குப் பதிலாக ஆயிரத்து இருநூறு என்று போட்டால், நோன்பு திறக்கும் நேரத்தைப் பெட்டியே சொல்லும்.

"பெட்டி உருப்படியா ஒரு வேலை செஞ்சா இஞ்சயே வச்சிட்டுப் போவீங்களா, சாச்சா?"

"செய்யட்டும் பாப்பம்," என்றார், செய்யாது என்ற தைரியத்தில்.

அன்று நோன்பு திறக்கும் நேரம் ஆறு இருபத்துநான்கு. இருபது நிமிடம் முன்னே, மாலை ஆறு நான்குக்கு, வாப்பாவின் கைமணிக்கூட்டைப் பார்த்து ஓட விட்டேன். வாப்பா தினமும் வானொலிச் செய்திக்கு அதைச் சரிபார்ப்பவர். எல்லோரும் கஞ்சிக் கோப்பையைச் சுற்றி உட்கார்ந்தோம். 'பீப்' கேட்டது. பசியோடிருந்த சாச்சா பிஸ்மி சொல்லி ஒரு பேரீச்சம்பழத்தை அப்படியே விழுங்கினார். வாப்பா மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இன்னும் நாலு நிமிசம் ஈக்கிதே."

"யா அல்லாஹ்! இருவத்திரண்டு நோன்பு ஒழுங்காப் பிடிச்சன். இருவத்திமூண்டாவத உன்ட ரொக்கெட் கொண்டுபோயிட்டே, புள்ள!"

உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சாச்சா அந்த ஒரு நோன்பைப் பெருநாளுக்குப் பிறகு களாச் செய்ய, அதாவது இன்னொரு நாள் பிடித்து ஈடுகட்ட, வேண்டும். பெட்டி புத்தளம் போவது உறுதியாகிவிட்டது.

நான் அழவில்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவில் பெட்டியைச் சற்றுக் காக்க வைப்பதற்காக, 'ஒன்றிலிருந்து ஆயிரம் வரை சும்மா எண்ணு' என்று புத்தகம் ஒரு வரி வைத்திருந்தது. பெட்டி அந்த ஆயிரத்தை ஒரு செக்கனுக்கு முன்பே எண்ணி முடித்துவிடுகிறது. பத்து எண்ணும்போது கண்ணில் படாத அந்தப் பிழை, ஆயிரத்து இருநூறு எண்ணும்போது நான்கு நிமிடமாக வளர்ந்திருந்தது. ஆயிரத்தை ஆயிரத்து முந்நூறாக்கினேன், பிந்தியது. ஆயிரத்து இருநூறு, முந்தியது. ஐந்து நாள் வாப்பாவிடம் மணிக்கூட்டைக் கேட்டு வாங்கி, யாருக்கும் சொல்லாமல் அளந்தேன். ஆயிரத்து இருநூற்று நாற்பத்தேழில் பெட்டியும் மணிக்கூடும் ஒன்றாக நின்றன.

இருபத்தொன்பதாம் நோன்பன்று பள்ளிவாசலின் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. நோன்பு திறப்பதற்கான பாங்கை மோதினார் வெறுங்குரலில்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீடு பள்ளிக்கு மேற்கே. கடற்காற்று அந்தக் குரலை எங்களுக்கு எதிர்ப்பக்கமாக, கிழக்கே உள்ள உப்பேரிக் களப்புக்குக் கொண்டுபோய்விடும்.

"வாப்பா, இண்டைக்கு ரொக்கெட்டப் போடட்டா?"

சாச்சா உடனே எழுந்தார். "எனக்கு ஒரு களா போதும், தாயே. நான் படலையடியில நிண்டு காதால கேட்டுத்தான் திறப்பன்." ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு வாசல் படலைக்குப் போய்விட்டார்.

வாப்பா மணிக்கூட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். ஆறு நான்குக்கு ஓட விட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைக் கையில் கட்டவில்லை. அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

திரையில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. நூறு ஆனது. ஐம்பது ஆனது. உம்மாவின் உதடுகள் துஆவில் அசைந்தன. மூன்று, இரண்டு, ஒன்று. 'பீப்'.

உம்மா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா பழத்தை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகும்போது அவர் கை நடுங்கியது. பிஸ்மி சொன்னார். கடித்தார். விழுங்கினார்.

படலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் படலைப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

பிறகு பழம் அடைத்த வாயோடு சாச்சா கத்திக்கொண்டே ஓடிவந்தார். "சொல்றாங்க! பாங்கு சொல்றாங்க! அடி புள்ள, சரியாச் சொல்லிட்டாய்!"

நான் கஞ்சியைக்கூடத் தொடாமல் முற்றத்தில் மூன்று சுற்று ஓடினேன். வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு மாமியிடம், "எங்கட பெட்டி பாங்கு நேரத்தச் சரியாச் சொல்லிட்டு!" என்று கூவினேன். சாச்சா என் தலையில் குட்டி, "பெட்டி இஞ்சயே கிடக்கட்டும், அது உனக்கு மட்டும்தான் அடங்கும்," என்றார். அந்தப் பெருநாளுக்கு எனக்குத் தைத்த சட்டை என்ன நிறம் என்பது மறந்துவிட்டது. ஆயிரத்து இருநூற்று நாற்பத்தேழு மறக்கவில்லை.

வென்ற மயக்கத்தில் இருந்த எனக்கு வாப்பாவைப் பற்றி யோசிக்க நேரமில்லை. இருபத்தொன்பது நாள் பட்டினி, அதனால் கை நடுங்குகிறது என்று நினைத்தேன். மணிக்கூட்டை அலுமாரியில் வைத்தது, கஞ்சி தெறித்துவிடும் என்ற பயத்தில் என்றுதான் நினைத்தேன். மணிக்கூட்டைப் பார்க்காமல் என் எண்ணை மட்டுமே நம்பி அவர் நோன்பு திறந்தார் என்பது, சென்ற சனிக்கிழமை மகளைத் திட்ட வாயெடுத்தபோதுதான் புரிந்தது.