விளக்குகளின் ஞானத்தாய்

எங்கள் ஊரான தெஹுவாகானில் பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவை ஒரு வீடு தனியாக நடத்துவதில்லை. கேக்குக்கு ஒரு ஞானத்தாய், காலணிக்கு ஒரு ஞானத்தந்தை என்று உறவும் தெருவும் பங்கு போட்டுக்கொள்ளும். டயர்க் கடை நபோரின் மகள் நயேலிக்கு விளக்குகளின் மாத்ரினாவாக, அதாவது ஞானத்தாயாக, ஒஃபெலியா வந்தார்.

மண்டபங்களுக்கு விளக்கு கட்டுவது அவர் தொழில். கணவருக்கு ஏணி பிடிக்கப் போய்ப் பழகிக்கொண்டவர். கணவர் இறந்த பிறகும் ஏணியை விடவில்லை.

நயேலி பள்ளி நடனம் ஒன்றில், மின்னி மின்னி அணைந்த விளக்கின் கீழ் வலிப்பு வந்து விழுந்தவள். இப்போது மாத்திரையால் கட்டுக்குள் இருக்கிறது. விளக்கு மங்கலாம், துடிக்கத்தான் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நபோருக்கு அந்த வித்தியாசத்தில் நம்பிக்கை இல்லை. விளக்கை மங்கலாக்கி ஆடும் முதல் வால்ட்ஸ் நடனத்தை மகளோடு ஆட வேண்டியவர் அவர்தான்.

விழாவுக்கு முந்தைய மதியம், மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் நானும் சாவியோடு கூட நின்றேன்.

“அக்கா, முழு வெளிச்சமே போட்டுருங்க. யாரு கேக்கப் போறா?” என்றார் நபோர்.

“ஏம்ப்பா, நான் ஆடப் போறனா, ஊசி போட்டுக்கப் போறனா?” என்றாள் நயேலி. “எல்லாப் பொண்ணுக்கும் வெளிச்சம் எறங்குச்சு. எனக்கு மட்டும் ஆஸ்பத்திரியா?”

“ரெண்டு பேரும் சும்மா இருங்க,” என்றார் ஒஃபெலியா. “நான் சோதிச்சு முடிக்கிறவரைக்கும் நீ வெளிய உக்காரு, கண்ணு.”

ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, வெளிச்சத்தைக் குறைக்கும் சுவர்க் குமிழைத் திருகினார். கூரையின் எல்.இ.டி. பட்டை துடிதுடித்தது. நபோர் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

எங்கள் ஊர் மண்டபங்களில் குண்டு பல்புக் காலத்துக் குமிழ் அப்படியே இருக்கும். பல்புகளைக் கழற்றிப் பட்டை ஒட்டினாலும் அதை மட்டும் யாரும் எடுப்பதில்லை. அதைத் திருகி வெளிச்சம் இறங்கும்போதுதான் கூட்டம் ‘ஓ’வென்று கத்தும். பட்டைக்கு இருபத்துநாலு வோல்ட் தரும் பெட்டியும் அந்தக் குமிழைத் தாண்டித்தான் கரண்ட் வாங்கியது. குமிழ் கரண்டைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தால் பெட்டி என்ன செய்யும்? அணைந்து அணைந்து எழுந்தது.

“பெட்டியப் பட்டினி போட்டுட்டு விளக்கப் பாடச் சொல்றீங்களேய்யா!” என்று ஒஃபெலியா என்னைத் திட்டினார். மெயினை அணைத்தார். குமிழை விலக்கிப் பெட்டிக்கு நேர் கரண்ட் கொடுத்தார். பெட்டிக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு மங்கல் கருவியைச் சேர்த்தார்.

இப்போது வெளிச்சம் அசையாமல் இறங்கியது. நபோர் மூச்சு விட்டார். ஒஃபெலியா போன் கேமராவைக் கூரைக்குக் காட்டினார். போன் திரையில் கறுப்புக் கோடுகள் ஊர்ந்தன.

“கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையேக்கா.”

“கண்ணு ஏமாறும் நபோர். இவ்வளவு மெதுவா வெட்டுற கருவிய நம்பி அவள நிக்க வெக்க மாட்டேன்.”

பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார்; நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டுவது. போன் திரையில் கோடுகள் மறைந்தன. அப்போதும் ஏணியை மடக்கவில்லை. முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, நாங்கள் வாங்கிவந்த தமாலேயைத் தின்று முடிக்கும்வரை காத்திருந்தார். விளக்கு ஒருமுறை குப்பென்று அணைந்து மறுபடி எரிந்தது. பெட்டியைத் தொட்டுக் கையை உதறினார். பட்டை கேட்டதும் பெட்டியால் தர முடிந்ததும் சரிக்குச் சரி, கொஞ்சமும் மிச்சமில்லை. வண்டியிலிருந்து பெரிய பெட்டியைக் கொண்டுவந்தார். அது நெடுநேரம் எரிந்தும் கை வைக்கும் சூட்டிலேயே நின்றது.

“இந்தாங்க, நீங்களே எறக்கிப் பாருங்க,” என்று நீள வயரில் இருந்த மங்கல் கருவியை நபோரிடம் தந்தார்.

நபோர் இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். “நாளைக்கு இத யாரு புடிச்சுக்குவா? நான் ஆடணுமே.”

“இவர் புடிக்கட்டும்,” என்று என்னைக் காட்டினார். “பயமா இருந்தா ஒரு கண்ணசைவு காட்டுங்க. ஏத்திருவாரு.”

மறுநாள் மாலை, வால்ட்ஸின் முதல் அடிக்கு நான் வெளிச்சத்தை இறக்கினேன். கூட்டம் ‘ஓ’வென்றது. ஒஃபெலியா தூணோரம் போனைக் கூரைக்குப் பிடித்தபடி நின்றார். நபோர் ஆடினார், ஆனால் தலை அண்ணாந்தே இருந்தது. என் விரல் கருவியிலேயே இருந்தது.

அவர்கள் என்னருகே சுழன்று வந்தபோது நயேலி சொன்னாள்: “அப்பா, மேலயே பாத்துக்கிட்டு என் கால மிதிக்கிற. என்னப் பாரேன்.”

நபோர் குனிந்து பார்த்தார். அந்த அரை வெளிச்சத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவர் அண்ணாந்து பார்க்கவே இல்லை. நானும் கருவியிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.